பழைய கொம்பியூட்டருக்கு ஒரு கவ்வாத்து

(மடுல்சீமையில் தோட்டக் குடும்பங்களின் மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை, வாசகர்களின் நன்மை கருதி இங்கே தரப்படுகிறது.)



பனியையும் மழையையும் பார்க்காமல், அந்தி நிறுவை முடிந்த கையோடு கூடையை வைத்துவிட்டு இந்த மண்டபத்துக்கு வந்திருக்கிறீர்கள். வழமையாக இந்த இடத்தில் நின்று நாங்கள் பேசுவது மலசலகூடம், பிள்ளைகளின் நிறை, டெங்கு, வீட்டுக் கடன் என்று இப்படித்தான் இருக்கும். இன்றைக்குப் பேசப்போவது கொம்பியூட்டரைப் பற்றி. "வெல்பெயார் ஐயாவுக்கு என்ன ஆச்சு?" என்று பின்வரிசையில் யாரோ சிரிக்கிறது கேட்கிறது. சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் இது அடகுக் கடையோடு சம்பந்தப்பட்ட விஷயம். அதனால்தான் பேச வந்தோம்.

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு தகப்பனார் எங்களிடம் வந்தார். மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்திருந்தது. வீட்டில் ஏற்கெனவே ஒரு லெப்டொப் உண்டு. கொழும்பில் வேலை செய்யும் மைத்துனர் பாவித்துவிட்டுக் கொடுத்தது. அதைப் பதுளையில் ஒரு கடையில் காட்டியபோது, "இது பழசு, இதுக்குப் புது விண்டோஸ் போட ஏலாது, புதுசா ஒன்னு வாங்குங்க" என்று சொல்லிவிட்டார்களாம்.

"ஐயா, சம்சாரத்தோட தோட்டையும் சங்கிலியையும் வைக்கப் போறோம். புள்ளைக்கு இல்லாததா? ஒரு கடிதம் மட்டும் எழுதித் தாங்க, பெங்குல கொஞ்சம் கூடக் கேட்டுப் பார்ப்போம்" என்றார்.

"கடிதம் எழுதுறது இருக்கட்டும் அண்ணே. மொதல்ல அந்த மெஷினைக் கொண்டு வாங்க, பார்ப்போம்" என்றோம்.

அந்த லெப்டொப் இன்றைக்கு என்ன செய்கிறது என்பதைப் பிறகு சொல்கிறோம். அதற்கு முன், ஒரு கொம்பியூட்டர் எப்படிப் "பழசு" ஆகிறது என்பதைப் பார்ப்போம்.

இயங்குதளம் என்றால் என்ன?

விடிந்ததும் பெரட்டுக்களத்தில் நிற்கிறோம். ஆள் இருக்கிறது, மலை இருக்கிறது, கூடை இருக்கிறது. ஆனால் யார் எந்த மலைக்கு, யார் கொழுந்துக்கு, யார் முள்ளுக்குத்துக்கு என்று பிரித்துவிட ஒரு கணக்கப்பிள்ளை வேண்டும். அவர் இல்லாவிட்டால் எல்லோரும் களத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

கணனிக்குள் இருக்கும் அந்தக் கணக்கப்பிள்ளைக்குப் பெயர்தான் இயங்குதளம். நீங்கள் விசையைத் தட்டினால் எழுத்தைத் திரைக்கு அனுப்புவதும், படத்தைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்துவதும், பிரிண்டருக்கு வேலை கொடுப்பதும் அதுதான். நம்மில் அநேகமானோர் கண்டது ஒரே ஒரு கணக்கப்பிள்ளையைத்தான். அதன் பெயர் விண்டோஸ். அமெரிக்காவின் மைக்ரோசொப்ட் கம்பனி செய்து விற்பது.

அந்தக் கம்பனி ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு காலம் வைத்திருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு காலம் முடிந்தது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு முடிந்தது. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. கேட்டுப் பதிந்துகொள்பவர்களுக்கு மட்டும் 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு வருடம் நீட்டிப்பு வைத்தார்கள்.

காலம் முடிந்தால் மெஷின் நின்றுவிடுமா? நிற்காது. ஆனால் தடுப்பூசி நின்றுவிடும். கிளினிக் அட்டை வைத்திருக்கும் தாய்மாருக்கு இது நன்றாக விளங்கும். ஊசி போடாத பிள்ளை ஓடி விளையாடத்தான் செய்யும். நோய் வரும்போதுதான் தெரியும். கணனிக்கும் புதுப் புது வைரஸ் வந்துகொண்டே இருக்கிறது. ஓட்டையை அடைக்கும் திருத்தம் வராத மெஷினில் பெங்குக் கணக்கையோ சங்கக் கணக்கையோ வைப்பது ஆபத்து.

"அப்போ புது விண்டோஸ் 11ஐப் போட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். 2021இல் அதை வெளியிட்டபோது சில நிபந்தனைகள் வைத்தார்கள். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி மெஷினுக்குள் இருக்க வேண்டும், மூளைச்சில்லும் அவர்கள் தரும் பட்டியலில் இருக்க வேண்டும். பொதுவாக 2017க்கு முன் வந்த மெஷின்கள் அந்தப் பட்டியலில் இல்லை. நன்றாக ஓடும் மெஷினாக இருந்தாலும் சேர்த்துக்கொள்வதில்லை. நம்ம லயங்களிலும் புது வீடுகளிலும் இருக்கிறது அநேகமாக அந்த வயது மெஷின்கள்தான். யாரோ பாவித்துவிட்டுக் கொடுத்தவை.

இந்த இடத்தில்தான் நாங்கள் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. அந்த மெஷின் சாகவில்லை. அதன் கணக்கப்பிள்ளைக்குத்தான் பென்சன் கொடுத்தார்கள். வேறு கணக்கப்பிள்ளையை வைத்தால் அது திரும்பவும் பெரட்டுக்கு வரும்.

சும்மா கிடைப்பதில் என்ன சூட்சுமம்?

அந்த வேறு கணக்கப்பிள்ளைக்குப் பெயர் லினக்ஸ். விலை இல்லை. ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை.

இதைச் சொன்னவுடனே நம்ம ஆட்கள் சந்தேகப்படுகிறார்கள். சந்தேகப்படுவது நல்லது. சும்மா தருகிறோம் என்று வந்தவர்களிடம் நம்ம சனம் நிறையப் பட்டிருக்கிறது. அதனால் இது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்பவர் ஒரு கொள்கையோடு வேலையைத் தொடங்கினார். ஒரு மென்பொருளை யாரும் பாவிக்கலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். இதற்குத் தமிழில் கட்டற்ற மென்பொருள் என்று பெயர். பிறகு 1991இல் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், இயங்குதளத்தின் நடுப்பகுதியை எழுதி, எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வெளியிட்டார். இந்த இரண்டும் சேர்ந்துதான் இன்றைய லினக்ஸ். அதற்குப் பிறகு உலகமெங்கும் ஆயிரக்கணக்கானோர் அதில் கை வைத்து வளர்த்திருக்கிறார்கள். பெரிய கம்பனிகளும் தங்கள் தேவைக்காக ஆள் போட்டு வேலை செய்கின்றன. அந்த வேலையின் பலன் நமக்கும் வருகிறது.

நம்ம பீலியை நினைத்துப் பாருங்கள். ஊற்று மலையில் இருக்கிறது. தண்ணீருக்குக் காசு இல்லை. வாய்க்காலில் இலை அடைத்தால் கண்டவர் எடுத்துப் போடுகிறார். குழாய் உடைந்தால் நாலு பேர் சேர்ந்து கட்டுகிறார்கள். "இந்தத் தண்ணி என்னுது, நாளையிலிருந்து உனக்கு இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது. லினக்ஸும் அப்படித்தான். ஒரு பதிப்புக்குக் காலம் முடிந்தால் அடுத்த பதிப்பையும் சும்மாவே போட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு சங்கதி. "லினக்ஸா? அதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று சொல்கிறவர்களில் பலரின் மடியில் இருக்கும் அண்ட்ரொய்ட் போனுக்குள் ஓடுவதும் லினக்ஸின் நடுப்பகுதிதான். உலகில் மிக வேகமான 500 கணனிகளின் பட்டியல் ஒன்று உண்டு. 2017 நவம்பரிலிருந்து அந்த 500ம் லினக்ஸில்தான் ஓடுகின்றன. ஆகவே இது ஏழைகளுக்கு என்று ஒதுக்கிய மட்டமான சாமான் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பக்கத்து நாட்டையும் பாருங்கள். கேரளத்தில் 2001இல் பாடசாலைகளுக்கான கணனித் திட்டம் தொடங்கியது. சில வருடங்களிலேயே கட்டற்ற மென்பொருளுக்கு மாறிவிட்டார்கள். இன்று கைட் என்ற அரச நிறுவனம் அதை நடத்துகிறது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பாடசாலைக் கணனிகளில் லினக்ஸ் போடுவதால் 3000 கோடி இந்திய ரூபாய் மிச்சமாகிறது என்று 2019இல் அந்த நிறுவனம் சொன்னது. தமிழ்நாட்டில் 2011இலிருந்து மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லெப்டொப்பிலும் விண்டோஸோடு சேர்த்து, இந்தியாவிலேயே செய்த பொஸ் என்ற லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள்.

நம் நாடும் பின்னால் நிற்கவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது காணாமல் போனவர்களைத் தேடவும், முகாம்களையும் நிவாரணத்தையும் கணக்கு வைக்கவும் இலங்கைப் பொறியியலாளர்கள் சில நாட்களிலேயே சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். அதையும் கட்டற்ற மென்பொருளாகவே உலகுக்குக் கொடுத்தார்கள். 2005 பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும் அது உதவியது. எடுக்கிற கையாக மட்டுமல்ல, கொடுக்கிற கையாகவும் நம் நாடு இருந்திருக்கிறது.

எங்கள் அனுபவம்

நாங்கள் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவர்கள். கொம்பியூட்டர் வகுப்புக்குப் போனதில்லை. அப்படியிருந்தும் இதற்குள் இறங்கியதற்கு ஒரு காரணம் உண்டு.

காரியாலயத்தில் கூட்டுறவுச் சங்கக் கடன் கணக்கை ஒரு பழைய கணனியில்தான் வைத்திருந்தோம். அதில் இருந்தது காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் அல்ல. நகரத்துக் கடை ஒன்றில் கொஞ்சக் காசுக்குப் போட்டுத் தந்த கள்ளக் கொப்பி. எல்லோரும் அப்படித்தானே போடுகிறார்கள் என்று நாங்களும் வாயை மூடிக்கொண்டு வாங்கினோம். அது எங்கள் பிழை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அப்படிக் கொப்பி போடுவது குற்றம் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

ஒரு நாள் யாரோ கொண்டுவந்த பென் டிரைவைச் செருகினோம். மறுநாள் திறந்தால் கடன் பதிவு எல்லாம் மாயம். பெயர் மட்டும் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. மூன்று கிழமை இரவும் பகலுமாக உங்கள் பாஸ் புத்தகங்களை வாங்கி வாங்கித் திரும்ப எழுதினோம். ஒரு அக்கா முழுக் கடனையும் கட்டி முடித்தவர். எங்கள் கணக்கில் அவர் பெயருக்கு இன்னும் ஐந்து தவணை பாக்கி என்று வந்தது. நல்ல வேளை, துண்டுகளை எல்லாம் ஒரு டின்னுக்குள் பத்திரமாக வைத்திருந்தார். "ஐயா, ஒங்க பெட்டி மறந்தாலும் என் டின்னு மறக்காது" என்றார். அந்தப் பேச்சு இன்றைக்கும் காதில் இருக்கிறது. அவர் துண்டை எறிந்திருந்தால் அந்த ஐந்து தவணையை யார் கட்டியிருப்பது?

அதற்குப் பிறகுதான் பதுளையில் படிக்கும் ஒரு தம்பியின் உதவியோடு அந்த மெஷினில் லினக்ஸ் மின்ட் என்ற வகையைப் போட்டோம். விண்டோஸுக்கு எழுதிய வைரஸ் அதில் அப்படியே ஓடாது. அதற்காக வைரஸே வராது என்று சொல்ல மாட்டோம். கவனம் எப்போதும் வேண்டும். இப்போது கணக்கை மாதம் ஒருமுறை இன்னொரு பென் டிரைவிலும் கொப்பி எடுக்கிறோம். அந்த அக்காவின் டின் சொல்லித் தந்த பாடம் அது.

அதே நாட்களில் ஒரு நலன்விரும்பி நான்கு பழைய கணனிகளைப் பிள்ளைகளுக்கென்று தந்தார். ஒன்று செத்த கேஸ், அதை லினக்ஸாலும் எழுப்ப முடியவில்லை. இன்னொன்றுக்கு 1 ஜி.பி. நினைவகம்தான் இருந்தது. இரண்டாவதைத் திறந்து பார்த்துச் செத்ததிலிருந்த நினைவகத்தைக் கழற்றிப் போட்டதும் ஓடியது. மற்ற இரண்டும் அப்படியே ஓடின. நாலுக்கு மூன்று. பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்து அறையில் பிள்ளைகள் பின்னேரம் உட்கார்ந்து படிப்பது அவற்றில்தான்.

கவ்வாத்து மலையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வெட்டிய அன்றைக்கு வெறும் குச்சி. வெளியூர்க்காரன் பார்த்தால் மலையே செத்துப்போச்சு என்பான். நமக்குத் தெரியும், சில மாதத்தில் தளிர் வரும். ஆனால் வேர் அழுகிய செடி கவ்வாத்து வெட்டினாலும் தளிர்க்காது. கொம்பியூட்டரும் அதே மாதிரித்தான். வேர் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்ட வேண்டும்.

என்ன செய்யலாம், என்ன செய்ய ஏலாது?

கடிதம் எழுத, கணக்குப் போட, படம் காட்டிப் பேச லிப்ரே ஒபிஸ் என்ற மென்பொருள் கூடவே வரும். இணையத்துக்கு பயர்பொக்ஸ் உண்டு. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ பாடங்களை அதிலேயே பார்க்கலாம். சிறு பிள்ளைகளுக்கு எண்ணும் எழுத்தும் விளையாட்டாகப் பழக ஜிகொம்பிரி, படம் வரைய டக்ஸ் பெயிண்ட், இரண்டையும் சும்மா போட்டுக்கொள்ளலாம்.

தமிழும் உண்டு. திரையில் வரும் சொற்களைப் பெருமளவு தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். சில இடங்களில் ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். ரெங்கநாதன் விசைப்பலகை, தமிழ்99, ஆங்கில ஒலிப்படி அடிப்பது, எது பழக்கமோ அது. பாமினியில் அடித்த பழைய கடிதங்கள் இருந்தால் அந்த எழுத்துருவைப் போட்டுத் திறக்கலாம்.

ஏலாததையும் சொல்லத்தான் வேண்டும். விண்டோஸுக்கென்றே எழுதிய சில மென்பொருட்கள் இதில் ஓடாது. சில விளையாட்டுகளும் அப்படி. சில பிரிண்டர்கள் மக்கர் பண்ணும். எங்களிடம் இருந்த ஒரு பிரிண்டர் கடைசிவரை மசியவில்லை. லிப்ரே ஒபிஸில் எழுதியதை மற்றவர்களின் மெஷினில் திறந்தால் சில நேரம் வரி இடம் மாறும். கெம்பஸில் படிக்கும் பிள்ளைகள், தங்கள் பாடத்துக்கு இன்ன மென்பொருள்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்படிச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைக்குப் புது மெஷின் வாங்குவது தப்பில்லை.

எப்படிப் போடுவது?

இதில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பெண் பார்க்கப் போவது போல, முடிவு சொல்லாமலே பார்த்துவிட்டு வரலாம். 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்தே கணனியை எழுப்பலாம். உள்ளே இருக்கும் விண்டோஸுக்கும் உங்கள் படங்களுக்கும் ஒன்றும் ஆகாது. சத்தம் கேட்கிறதா, இணையம் வருகிறதா, பிரிண்டர் பேசுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். பிடித்தால் போடலாம். பிடிக்காவிட்டால் பென் டிரைவைக் கழற்றினால் பழையபடி இருக்கும்.

போடுவது என்று முடிவு செய்தால் மட்டும் ஒன்றை மறக்கக் கூடாது. முழு டிஸ்கிலும் போடும்போது உள்ளே இருப்பது எல்லாம் அழியும். கல்யாணப் படம், பிள்ளையின் பாடக் குறிப்பு எல்லாவற்றையும் முதலில் வெளியே கொப்பி எடுத்துவிட வேண்டும். இதில் அவசரப்பட்டு அழுதவர்கள் உண்டு.

லினக்ஸ் மின்டுக்குக் குறைந்தது 2 ஜி.பி. நினைவகமும் 20 ஜி.பி. இடமும் வேண்டும். 4 ஜி.பி. இருந்தால் நிம்மதியாக ஓடும். மின்டில் எக்ஸ்.எப்.சி.ஈ. என்ற பதிப்பு பாரம் குறைந்தது. அதைவிடப் பழைய மெஷினுக்கு அன்டிஎக்ஸ் போன்ற இன்னும் இலேசான வகைகள் இருக்கின்றன. கையில் கொஞ்சம் காசு இருந்தால் பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள். புது மெஷின் வாங்கும் காசில் சிறு பங்குதான் ஆகும், வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியும்.

2022இல் டொலர் ஏறி, நம்ம ரூபாய் விழுந்தபோது என்ன நடந்தது என்று யாருக்கும் நாங்கள் சொல்லித் தரத் தேவையில்லை. மாவு ஏறியது, மண்ணெண்ணெய் ஏறியது, வெளிநாட்டிலிருந்து வரும் கொம்பியூட்டரும் ஏறியது. அதற்கு முன்னர் 2020, 2021இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, சிக்னல் தேடிப் பிள்ளைகள் பாறை மேல் ஏறி நின்றதையும் கண்டோம். அந்த நாட்களில் எத்தனை வீட்டில் ஒரு பழைய மெஷின் கட்டிலுக்கடியில் சாக்கில் கட்டிக் கிடந்தது? அதை எழுப்பலாம் என்று அப்போது எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்தக் குறை எங்கள் மனதில் இருக்கிறது.

இப்போது அந்தத் தகப்பனாரின் லெப்டொப்புக்கு வருவோம். பென் டிரைவைப் போட்டு எழுப்பினோம். எழுந்தது. மகள் தன் பீடத்தில் விசாரித்து, விசேட மென்பொருள் எதுவும் தேவையில்லை என்று அறிந்து சொன்னாள். படங்களைக் கொப்பி எடுத்துவிட்டு மின்ட் போட்டோம். பெட்டரி மட்டும் போயிருந்தது, அதற்குக் காசு செலவழிந்தது. முதல் கிழமை, "ஐயா, இது வேற மாதிரி இருக்கு, ஒன்னும் வெளங்கல" என்று போன் பண்ணினாள். இரண்டாம் கிழமையும் பண்ணினாள். மூன்றாம் கிழமை பண்ணவில்லை. இப்போது விடுதியில் தோழிகளின் மெஷினுக்கும் அவளே போட்டுக் கொடுக்கிறாளாம். தோடு அம்மாவின் காதிலேயே இருக்கிறது. இதோ, இந்தக் கூட்டத்தில்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார். யார் என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

ஆகவே உங்களிடம் நாங்கள் கேட்பது மூன்றே மூன்று. பழைய மெஷினைப் பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துப் போடாதீர்கள். புதுசு வாங்க நகையை எடுக்குமுன் ஒருமுறை எங்களிடம் காட்டுங்கள். உண்மையிலேயே செத்த மெஷினைக் குப்பையோடு எரிக்காதீர்கள், அதற்குள் ஈயம் போன்ற நஞ்சு இருக்கிறது. சங்கக் காரியாலயத்தில் கொடுத்துவிடுங்கள்.

சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இந்த மண்டபத்திலேயே இருப்போம். மெஷின், அதன் சார்ஜர், 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று, இந்த மூன்றையும் கொண்டுவாருங்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் கட்டாயம் வர வேண்டும். நாங்கள் செய்து காட்டுவது ஒரு தடவைதான். அடுத்த தடவை நீங்கள் செய்ய வேண்டும், அதற்கடுத்த தடவை உங்கள் தம்பி தங்கச்சிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பீலித் தண்ணீர் எல்லோருக்கும் வர வேண்டுமானால் வாய்க்காலைக் கூட்டவும் எல்லோரும் வர வேண்டும் அல்லவா?

பிளேன்டீ தயாராக இருக்கிறது, குடித்துவிட்டுப் போங்கள்.